நமக்கான புத்தகத்தை யார் தேர்ந்தெடுப்பது?

மாதம் ஒரு தொகை கட்டினால் போதும், உங்கள் ரசனையைக் கேட்டறிந்து அதற்கேற்ற புத்தகத்தை வீட்டுக்கே அனுப்புகிறோம் என்று சொல்லும் சந்தாத் திட்டங்கள் பெருகி வருகின்றன. கல்லூரியில் படிக்கும் தோழர்கள் பலர் இதைப் பற்றி எங்களிடம் கேட்கிறார்கள். சேரலாமா? கட்டும் காசுக்குப் பலன் உண்டா? அம்பேத்கரிய நூல்களுக்கென்றே இப்படியொரு சந்தாவை நாமே தொடங்கினால் என்ன? காங்கேயத்தில் ஒரு சிறிய வாசிப்பு வட்டத்தைச் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறவர்கள் என்ற முறையில் எங்களுக்குத் தோன்றுவதைச் சொல்கிறோம்.

ஒருவருக்கான புத்தகத்தை இன்னொருவர் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது நல்ல காரியம்தான். வீட்டில் புத்தகமே இல்லாமல் வளர்ந்த நம்மில் பெரும்பாலோர் வாசிப்புக்கு வந்தது அப்படித்தான். யாரோ ஓர் ஆசிரியர், யாரோ ஓர் அண்ணன், யாரோ ஒரு தோழர் கையில் ஒன்றைத் திணித்து, "இதப் படிச்சுப் பாரு" என்று சொல்லியிருப்பார். ஆகவே பரிந்துரை வேண்டுமா வேண்டாமா என்று நாங்கள் பேசப்போவதில்லை. பரிந்துரைப்பவர் நம்மிடம் என்ன கேட்கிறார், நம்மைப் பற்றி எதைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுக்கிறார் என்பதைத்தான் பேச வேண்டும்.

படிவம் கேட்பதும் நம்மிடம் இருப்பதும்

இங்கிலாந்தின் பாத் நகரில் 'மிஸ்டர் பீஸ் எம்போரியம்' என்றொரு புத்தகக் கடை இருக்கிறது. சந்தாதாரரின் வாசிப்பு ரசனையைக் கேட்டறிந்து, கடையில் வேலை செய்யும் ஒருவர் அவருக்கென்றே மாதாமாதம் ஒரு நூலைத் தேர்ந்து அனுப்புவார். லண்டனில் பணக்காரர்கள் வாழும் மேஃபேர் பகுதியில் 1936-இல் திறக்கப்பட்ட 'ஹேவுட் ஹில்' கடையும் இப்படியொரு சந்தாவை நடத்துகிறது. இயந்திரத்திடம் விட்டுவிடாமல் மனிதரே உட்கார்ந்து தேர்ந்தெடுக்கிறார் என்பதால் இவற்றின் மீது எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனால் இவை ஏற்கெனவே நிறையப் படித்தவர்களுக்கானவை. பிடித்தது எது, பிடிக்காதது எது என்று சொல்லத் தெரிந்தவரிடமிருந்துதான் அவர்களுடைய வேலை தொடங்குகிறது.

அதே மாதிரியான சில கேள்விகளை ஒரு தாளில் எழுதி, எங்கள் வட்டத்துக்குப் புதிதாக வந்தவர்களிடம் கொடுத்தோம். 'பிடித்த எழுத்தாளர்' என்ற இடம் பெரும்பாலும் காலியாகவே வந்தது. தேங்காய்க் களத்தில் கொப்பரை காயவைக்கும் தம்பி ஒருவர், 'கடைசியாகப் படித்த ஐந்து புத்தகங்கள்' என்ற இடத்தில் தமிழ், இங்கிலீஷ், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று எழுதியிருந்தார். பத்தாம் வகுப்புப் பாடப் புத்தகங்கள் ஐந்து. கேட்ட கேள்விக்கு அவர் உண்மையாகவே பதில் சொல்லியிருந்தார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவருக்கென்று ஒரு நூலைத் தேட எந்தச் சந்தாத் திட்டத்தாலும் முடியாது.

கணினிக்கும் இதே தடுமாற்றம் உண்டு. இணையக் கடைகளின் பரிந்துரைகளில் பெரும்பகுதி, இதை வாங்கியவர்கள் வேறு எதை வாங்கினார்கள் என்ற கணக்கில் ஓடுகிறது. புதிதாக வருகிறவரைப் பற்றி அதனிடம் கணக்கு எதுவும் இருக்காது. கணினித் துறையில் இதைக் 'கோல்ட் ஸ்டார்ட்' சிக்கல் என்கிறார்கள். அந்த நேரத்தில் அதற்குத் தெரிந்த எளிய வழி, அதிகம் விற்பதை எடுத்து நீட்டுவது. தமிழில் அது 'பொன்னியின் செல்வ'னாக இருக்கும், அல்லது ஏதாவது ஒரு தன்னம்பிக்கை நூலாக இருக்கும். யார் அதிகம் வாங்குகிறார்களோ அவர்கள் வீட்டு அலமாரிதான் எல்லோருக்குமான அலமாரியாகக் காட்டப்படுகிறது. தலைமுறை தலைமுறையாகப் புத்தகம் வாங்கிப் பழகிய வீடுகள் எவை என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கணக்கில் சாதி என்ற சொல்லே இருக்காது. ஆனாலும் சாதி அதற்குள் உட்கார்ந்திருக்கும்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சிவன்மலை இருக்கிறது. அங்குள்ள முருகன் கோயிலில் 'ஆண்டவன் உத்தரவுப் பெட்டி' என்று ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. யாராவது ஒரு பக்தரின் கனவில் வந்த பொருளை, சாமியிடம் பூ கேட்டுப் பார்த்துவிட்டு அந்தப் பெட்டியில் வைப்பார்கள். வேறொருவர் கனவில் வேறொரு பொருள் வரும்வரை அது அங்கேயே இருக்கும். அதைப் பார்த்து, அடுத்து என்ன நடக்கப்போகிறதோ என்று ஊரே பேசிக்கொள்ளும். சந்தாப் பெட்டிகளைப் பற்றி ஒருநாள் பேசிக்கொண்டிருந்தபோது எங்கள் தோழர் ஒருவர் கேட்டார்: "ஏனுங்க, இந்தப் பொட்டியில எத வெக்கறதுன்னு யாரோட கனவுல வருது?" இதைவிடச் சரியாக இந்தக் கேள்வியை எங்களால் கேட்க முடியாது.

நம்முடைய சந்தா மரபு

சந்தா கட்டிப் படிப்பது நமக்குப் புதிய பழக்கமும் கிடையாது. இரட்டைமலை சீனிவாசன் 1893 முதல் 1900 வரை 'பறையன்' இதழை நடத்தினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். விலையே பெயரில் இருந்தது. மறு ஆண்டு அது 'தமிழன்' ஆனது. 1914-இல் மறையும்வரை பண்டிதர் அதை நடத்தினார். கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி உழைத்தவர்கள் அதன் வாசகர்களாக இருந்தார்கள். பிழைப்புக்காகக் கடல் கடந்து போனவர்களிடமும் அது போய்ச் சேர்ந்தது.

அந்த இதழில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று, வாசகர்கள் கேள்வி எழுதி அனுப்பினார்கள் என்பது. பண்டிதர் அவற்றுக்கு இதழிலேயே பதில் எழுதினார். ஒருவர் தனக்கென்று கேட்டதை மற்ற எல்லோரும் படித்தார்கள். சந்தா கட்டியவருக்கு என்ன பிடிக்கும் என்று அங்கே யாரும் ஆராயவில்லை. அவர் எதைக் கேட்கிறார் என்று பார்த்தார்கள்.

ஹேவுட் ஹில் கடை திறந்த அதே 1936-இல் வேறு இரண்டு காரியங்கள் நடந்தன. மே மாதம் லண்டனில் விக்டர் கொலான்ஸ் என்ற பதிப்பாளர் 'லெஃப்ட் புக் கிளப்' என்ற புத்தகச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் இரண்டரை ஷில்லிங்குக்கு ஒரு புத்தகம். கொலான்ஸ், ஹெரால்டு லாஸ்கி, ஜான் ஸ்ட்ரேச்சி ஆகிய மூவர் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். உச்சத்தில் 57,000 பேர் உறுப்பினர்களாக இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே புத்தகம்தான். வடக்கு இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றி ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய நூல் 1937-இல் இப்படித்தான் பல்லாயிரம் வீடுகளுக்குப் போனது. படித்ததை வைத்து விவாதிக்க நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் கூடின. அங்கே புத்தகம் எல்லோருக்கும் பொது. அதை அவரவர் வாழ்க்கையோடு சேர்த்துப் பார்க்கும் வேலை குழுவில் நடந்தது.

அதே மே மாதம் பம்பாயில் அம்பேத்கர் தம் பேச்சு ஒன்றைத் தாமே அச்சிட்டார். லாகூரில் ஜாத்-பாத் தோடக் மண்டல் நடத்தவிருந்த மாநாட்டுக்கான தலைமையுரை அது. உரையைப் பார்த்து அஞ்சி, மாநாட்டையே ரத்து செய்துவிட்டார்கள். அவர் அச்சிட்ட 1,500 படிகளும் இரண்டே மாதத்தில் தீர்ந்துபோயின. அதுதான் 'சாதி ஒழிப்பு'. ஈரோட்டிலிருந்து வந்துகொண்டிருந்த பெரியாரின் 'குடி அரசு' அதைத் தமிழில் தொடராக வெளியிட்டது. பின்னர் 'ஜாதியை ஒழிக்க வழி' என்று நூலாகவும் வந்தது. காங்கேயத்திலிருந்து ஒரு பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில் அது நடந்தது.

'குடி அரசு' வாசகர்களிடம் அன்றைக்குப் படிவம் கொடுத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருந்தால், லாகூரில் பேசப்படாமல் போன ஓர் உரை வேண்டும் என்று எத்தனை பேர் எழுதியிருப்பார்கள்? இருப்பதே தெரியாத ஒன்றை யாரும் கேட்க முடியாது. ரசனையை மட்டும் பின்தொடர்ந்து போகும் பரிந்துரைக்கு இங்கேதான் எல்லை வருகிறது.

சர்னி ரோடு தோட்டத்தில் ஒரு மாணவர்

தனிப்பட்ட பரிந்துரை என்றால் என்ன என்பதற்கு எங்களுக்குத் தெரிந்த சிறந்த எடுத்துக்காட்டும் அம்பேத்கர் வாழ்க்கையிலேயே இருக்கிறது. எல்பின்ஸ்டன் பள்ளியில் படித்த காலத்தில், வீட்டில் இடம் போதாமல், மாலையில் சர்னி ரோடு தோட்டத்தில் உட்கார்ந்து அவர் படிப்பார். அதே தோட்டத்துக்கு வந்துபோன கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் என்ற ஆசிரியர் அவரைக் கவனித்தார். யார், என்ன படிக்கிறாய் என்று பேச்சுக் கொடுத்தார். தம்மிடமிருந்த நூல்களைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

1907-இல் அம்பேத்கர் மெட்ரிகுலேஷன் தேறினார். அதைப் பாராட்ட நடந்த கூட்டத்தில், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றை கேலுஸ்கர் அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். பின்னாளில் பரோடா மன்னரின் உதவித்தொகை கிடைக்கவும் அவர்தான் துணை நின்றார். 1956-இல் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கு எழுதிய முன்னுரையில், புத்தரிடம் தாம் எப்படி வந்து சேர்ந்தோம் என்பதைச் சொல்லும்போது அம்பேத்கர் இந்தப் பரிசை நினைவுகூர்கிறார். அந்த ஆண்டு அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அவர் பௌத்தம் ஏற்றார். ஒரு புத்தகம் கைமாறி ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்து நடந்தது அது.

கேலுஸ்கர் என்ன செய்தார் என்று நிதானமாகப் பாருங்கள். மாணவரைப் பல நாள் பார்த்தார். பேசினார். சில நூல்களைக் கொடுத்து, அவர் எப்படிப் படிக்கிறார் என்று கவனித்தார். அதற்குப் பிறகுதான் அந்தப் பரிசு. கொடுத்ததோடு கைகழுவவும் இல்லை, அடுத்து அந்த மாணவர் எப்படிப் படிக்கப்போகிறார் என்பதையும் தம் கவலையாக எடுத்துக்கொண்டார். அந்தப் பக்கம் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி, மகன் கேட்ட நூலை வாங்க, கட்டிக்கொடுத்த மகள்களின் நகையை வாங்கி அடகு வைத்தவர். இப்படிப்பட்ட இருவர் ஒரு பிள்ளைக்குப் பின்னால் நின்றார்கள். மாதச் சந்தா எவ்வளவு உயர்வாக இருந்தாலும் இதை விலைக்கு வாங்க முடியாது.

பிறப்பைப் பார்த்துக் கொடுக்கலாமா?

இப்போது எங்கள் வட்டத்தில் இன்னும் முடியாத ஒரு விவாதத்துக்கு வருகிறோம். வளவிலிருந்து வரும் ஒருவருக்கு முதல் புத்தகமாக எதைக் கொடுப்பது? நம் வாழ்க்கையைச் சொல்லும் நூலைத்தான் கொடுக்க வேண்டும் என்று சில தோழர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். அவர்கள் பட்டியல் நல்ல பட்டியல்தான். பூமணியின் 'பிறகு' (1979), சிவகாமியின் 'பழையன கழிதலும்' (1989), பாமாவின் 'கருக்கு' (1992), கொங்கு நாட்டில் ஆடு மேய்க்கும் அருந்ததியச் சிறுவர்களைப் பற்றிப் பெருமாள்முருகன் எழுதிய 'கூளமாதாரி' (2000), ம. மதிவண்ணனின் கவிதைகள். பாடப்புத்தகத்தில் தன்னைப் போன்ற ஒருவரைக் காணாமலேயே வளர்ந்தவருக்கு இவை என்ன செய்யும் என்று நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். கொப்பரைக் களத்துத் தம்பி 'கூளமாதாரி'யைப் படித்து முடித்துக் கொண்டுவந்து, "இது எங்கப்பன் கதைங்க, பேரு மட்டும் வேற" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

நூற்பாலையில் வேலை செய்யும் தங்கை ஒருவரிடம் அதே நூலை நீட்டியபோது அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "எங்க வீட்டுக் கதை எனக்குத் தெரியுங்க. எனக்குத் தெரியாதது எதாச்சும் இருந்தாக் குடுங்க" என்றார். என்ன வேண்டும் என்று கேட்டோம். இரவு ஷிஃப்ட் முடிந்து வரும்போது வானத்தில் ஒன்று மட்டும் மின்னாமல் நிலையாக எரிகிறதே, அது நட்சத்திரமா வேறா என்று கேட்டார். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் வெளியீடுகளில் வானியல் நூல் ஒன்றைத் தேடிக் கொடுத்தோம். அது கோள் என்பதால் மின்னவில்லை என்பதை அவரே படித்துத் தெரிந்துகொண்டு வந்து எங்களுக்குச் சொன்னார்.

இந்தத் தங்கை சொன்னதில் ஓர் அரசியல் இருக்கிறது. தலித் என்றால் தலித் நூல், பெண் என்றால் பெண்ணிய நூல் என்று ஆளைப் பார்த்ததும் அடுக்கிலிருந்து எடுத்துக் கொடுப்பதும் பிறப்பை வைத்து இடம் ஒதுக்குவதுதான். உனக்கு உன் துயரம், எங்களுக்கு உலகம் முழுக்க என்று நூலக அலமாரியைப் பங்கு போடுவதை நாம் ஏற்க முடியாது. அம்பேத்கர் பொருளாதாரம் படித்தார், சட்டம் படித்தார், மானுடவியல் படித்தார், மதங்களின் வரலாறு படித்தார். அவ்வளவையும் படித்ததால்தான் சாதியைப் பற்றி அவரால் அப்படி எழுத முடிந்தது.

அதற்காக நம் இலக்கியத்தை ஒதுக்கிவைக்கச் சொல்லவில்லை. அந்தத் தம்பிக்கு 'கூளமாதாரி'தான் சரி, அந்தத் தங்கைக்கு வானியல்தான் சரி. இரண்டு பேரும் ஒரே வளவிலிருந்து வந்தவர்களாகவும் இருக்கலாம். என்ன படித்திருக்கிறாய் என்பதையும் எங்கே பிறந்தாய் என்பதையும் வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். இப்போது உன் மனதைக் குடைந்துகொண்டிருக்கும் கேள்வி எது என்று கேளுங்கள். இத்தனை ஆண்டுகளில் நாங்கள் தெரிந்துகொண்டது இந்த ஒன்றைத்தான்.

அந்தக் கேள்வி எதுவாகவும் இருக்கலாம். நம் வளவில் ஒருவருக்கும் ஏன் காணி நிலம் இல்லை என்று ஒருவர் கேட்பார். அவருக்கு 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையையும், அதைத் தொடர்ந்து 1892-இல் வந்த பஞ்சமி நில ஆணையையும் பற்றிய நூலைத் தேட வேண்டும். தேர்வாணையத் தேர்வுக்குப் படிக்கும் இன்னொருவர், அருந்ததியருக்கான 3 விழுக்காடு உள் ஒதுக்கீட்டை ஏன் எதிர்க்கிறார்கள் என்று கேட்பார். 2009 சட்டத்திலிருந்து 2024 ஆகஸ்ட் 1 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரைக்கும் அவருக்குப் படிக்க நிறைய இருக்கிறது.

பார்சல் எங்கே இறங்குகிறது?

சந்தாத் திட்டங்கள் யோசிக்காத இன்னொன்று முகவரி. வீட்டு வாசலுக்கே வரும் என்கிறார்கள். யார் வீட்டு வாசலுக்கு? எங்கள் பகுதியில் கூரியர் வண்டி ஊருக்குள் வரும், வளவுக்கு வராது. "கடையில குடுத்திருக்கேன், வந்து வாங்கிக்கோங்க" என்று போன் வரும். அந்தக் கடை ஊர்க்காரருடையதாக இருக்கும். அட்டையில் அம்பேத்கர் படம் போட்ட புத்தகத்தை வாங்கப் போன கல்லூரி மாணவியிடம், "உனக்கெதுக்குக் கண்ணு இதெல்லாம்?" என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். கேட்டவர் அன்பாகத்தான் கேட்டார். அடுத்த வாரம் அவருடைய அப்பா வேலை செய்யும் தோட்டத்தில் அந்தப் பேச்சு வந்தது. ஆலை விடுதி ஒன்றில் பெண்களுக்கு வரும் பார்சல்களைப் பிரித்துப் பார்த்த பிறகே கொடுக்கிறார்கள்.

2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் எந்தத் தெரு யாருடையது என்பது சொல்லை நீக்கிய மறுநாளே பார்சல் கொண்டுவருகிறவருக்கு மறந்துவிடாது.

கொங்கு மண்ணில் புத்தகம் கைக்குக் கை போவது வெறும் ரசனை விவகாரமாக இருந்ததில்லை. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-இல் வெளியானது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2014 டிசம்பரில், திருச்செங்கோட்டில் அதை எரித்தார்கள். 2015 ஜனவரியில் அவர் எழுத்தையே நிறுத்துவதாக அறிவிக்கும் நிலை வந்தது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. எழுதியவருக்கே இந்தக் கதி என்றால், அதைப் படிக்கும் கூலித் தொழிலாளியின் மகளுக்கு என்ன பாதுகாப்பு என்பதைப் புத்தகம் கொடுக்கும் நாம் யோசித்தே ஆக வேண்டும். ஆகவே பெரும்பாலும் நாங்கள் கையில்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

தூரத்தில் இருப்பவர்களுக்கு அஞ்சல்தான். தபால்காரர் வளவுக்குள் வருகிறார், அதைச் சொல்ல வேண்டும். சிறு பதிப்பாளர்களும் சிற்றிதழ்களும் நம்பியிருந்த பதிவுப் புத்தக அஞ்சலை அஞ்சல் துறை 2024 டிசம்பரில் நிறுத்தியது. 2025 மே மாதம் முதல் 'ஞான் போஸ்ட்' என்ற சேவை இருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. மெலிந்த புத்தகம் ஒன்றை அனுப்ப இது கட்டுப்படியாகும். நம் மாவட்டத்திலேயே உடுமலைப்பேட்டையிலிருந்து உடுமலை.காம் தமிழ் நூல்களை அனுப்பிவைக்கிறது. கோவையில் விடியல் பதிப்பகம் உலகின் விடுதலைப் போராட்ட நூல்கள் பலவற்றைத் தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறது. ஈரோட்டிலும் திருப்பூரிலும் ஆண்டுதோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. நூல்களுக்குக் குறைவில்லை. இன்னாருக்கு இந்த நூல் என்று கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆட்கள்தான் குறைவு.

நாம் வரி கட்டும் நூலகம்

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது அடுத்தது. இன்று காசுக்கு விற்கப்படும் தனிப்பட்ட பரிந்துரையை, எல்லோருக்குமான உரிமையாக அன்றைக்கே எழுதிவைத்தார். அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கம் இரட்டை மாட்டு வண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போனது. மாட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர்களான எங்களுக்கு இந்தச் செய்தி மிகவும் பிடிக்கும்.

1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தபோது கல்வி அமைச்சராக இருந்தவர் கொங்கு நாட்டைச் சேர்ந்த தி.சு. அவினாசிலிங்கம். அந்தச் சட்டத்தால்தான் சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. ஓட்டு வீட்டுக்கு வரி கட்டும் நம் அம்மாக்களும் நூலகத்துக்குச் சந்தா கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் பல ஊர்களில் நூலகக் கட்டடம் ஊர் நடுவில், கோயிலை ஒட்டி இருக்கிறது. சில இடங்களில் பூட்டிக் கிடக்கிறது. அரசின் 'நூலக நண்பர்கள்' திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடுகளுக்கே நூல் கொண்டுபோகிறார்கள். உங்கள் ஊரில் அது வளவு வரைக்கும் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் நீங்களே தன்னார்வலராகச் சேருங்கள். கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் உறுப்பினராகி, நமக்கு வேண்டிய நூல்களை வாங்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். தனியார் சந்தாவைப் பற்றி யோசிக்கும் முன் ஏற்கெனவே கட்டிய சந்தாவுக்குக் கணக்குக் கேட்போம்.

எப்படித் தொடங்கலாம்?

எங்கள் முறை எளிது. ஐந்து பேர் மாதம் ஆளுக்கு நூறு ரூபாய் போடுங்கள். ஐந்நூறு ரூபாயில் மெலிந்த புத்தகங்கள் இரண்டு மூன்று வாங்கலாம், மீதியை நூலகத்திலிருந்து எடுக்கலாம். ஆளுக்கு இருவரைப் பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஐம்பது பேருக்குப் பரிந்துரைக்கத் தொடங்கினால் அது மறுபடியும் படிவமாகிவிடும்.

முதல் சந்திப்பில் புத்தகம் வேண்டாம். டீ குடித்துக்கொண்டு பேசுங்கள், அவர் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். முதல் நூல் நூறு பக்கத்தைத் தாண்டாமல் இருக்கட்டும். பத்து மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வருகிறவர் முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அம்பேத்கரின் 37 தொகுதிகளையும் ஒரேயடியாகக் காட்டி யாரையும் மிரட்டாதீர்கள். நீங்களே படிக்காத நூலைக் கொடுக்காதீர்கள். முதல் பக்கத்தில் ஒரு துண்டுத் தாளை வைத்து, இதை ஏன் உனக்குக் கொடுக்கிறேன் என்று மூன்று வரி உங்கள் கையால் எழுதுங்கள். தனக்கென்று ஒருவர் எழுதிய மூன்று வரி நம் பிள்ளைகள் பலருக்கு அதுதான் முதல் முறையாக இருக்கும்.

பதினைந்து நாள் கழித்துப் பாருங்கள். படிக்கவில்லை என்றாலும் பிடிக்கவில்லை என்றாலும் முகம் சுளிக்க வேண்டாம், ஏன் என்று கேளுங்கள். அந்தப் பதிலில்தான் அடுத்த புத்தகம் இருக்கிறது. மூன்று நான்கு நூல்கள் படித்தவரிடம், இன்னொருவருக்கு ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள். இதை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். இதுவரை நமக்கு எது நல்லது என்று பிறரே தேர்ந்தெடுத்து வந்தார்கள். தேர்ந்தெடுக்கும் இடத்தில் நம் பிள்ளை உட்கார வேண்டும். கேலுஸ்கரிடம் நூல் வாங்கிப் படித்த மாணவர் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கினார், 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார்.

கொப்பரைக் களத்துத் தம்பி இப்போது மூன்று பேருக்குப் புத்தகம் கொடுக்கிறார். அதில் ஒருவர் அவரைவிட வயதில் மூத்தவர், லோடு ஏற்றும் வேலை செய்கிறவர், எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அவருக்கு என்ன கொடுக்கலாம் என்று போன வாரம் எங்களிடம் கேட்டார். நாங்கள் பெயர் எதுவும் சொல்லவில்லை. அவர் என்ன கேட்கிறார் என்று முதலில் கேட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறோம்.

உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். இந்த வாரமே போய்ப் பாருங்கள், தோழர்களே.

ஜெய்பீம்.